தெருப் பழக்கமும் வாடகை வீடும்

வீடில்லாமல் இருந்த காலத்தில் எனக்குள் படிந்த பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. கையில் பணம் வந்தால் அன்றே செலவழித்துவிடுவேன். வைத்திருந்தால் விடியும்போது இருக்காது. முத்திரை போட்ட கடிதம் வந்தால் பிரிக்க மாட்டேன்; அப்படி வந்த எதிலும் நல்ல செய்தி இருந்ததில்லை. குறை எதுவானாலும் வாய் திறக்க மாட்டேன். குறை சொல்பவரைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். பையைத் தலைக்கு வைத்து, செருப்பைக் கழற்றாமல், ஒரு காதைத் திறந்து வைத்தபடி தூங்குவேன். பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். அந்த இடத்தில் அதுதான் புத்தி.

வாடகை வீட்டுக்குள் வந்த பிறகு இதே புத்தி வீட்டுக்கு எதிராக வேலை செய்கிறது. மாத வாடகை என்றால் மாதம் முழுவதும் ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பிரிக்காத கடிதத்துக்குள் ஒரு கெடு தேதி ஓடிக்கொண்டிருக்கும். சொல்லாமல் விட்ட நீர்க்கசிவு சுவருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சாவி வாங்கிய அன்று நான் தங்கியிருந்த பெண்கள் காப்பகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உதவிய சமூகப் பணியாளர் அக்கா என் கோப்பில் கடைசிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். அவர்கள் கணக்கில் என் கதை அங்கே முடிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்தப் பிற்பாதியைப் பற்றியது.

எப்படி வீடிழந்தேன் என்பதை நீட்டப் போவதில்லை. கணவரின் நோய், கடன், அவருக்குப் பின் உறவுக்குள் வந்த சண்டை. இந்த வரிசை பலருக்கும் பழக்கமானதுதான். உறவினர் வீட்டின் மூலை, தெரிந்தவர் கடையின் பின்பக்கம், பேருந்து நிலையம், கடைசியில் பெண்கள் காப்பகம். தையல் நிறுவனம் ஒன்றில் நிலையான வேலை கிடைத்த பிறகுதான் வாடகை வீடு என்ற பேச்சையே எடுக்க முடிந்தது.

வீடு தேடும்போது எல்லா உரிமையாளர்களும் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்வார்கள்: "இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்?" இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயாரித்துக்கொள்வது அவசியம். பொய் சொல்லலாமா என்று காப்பகத்தில் நாங்கள் பேசிக்கொண்டதுண்டு. இல்லாத முகவரியைச் சொன்னால் அதற்கு ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சிக்கு இன்னொரு பொய் வேண்டும். நான் உண்மையைச் சுருக்கிச் சொன்னேன். "காப்பகத்தில் இருக்கிறேன். அங்கிருந்தபடியே இந்த வேலைக்குப் போகிறேன். சம்பளச் சீட்டுகள் இதோ. என்னைப் பற்றி விசாரிக்க இந்த எண்ணில் பேசலாம்." நான்கு வாக்கியம். ஐந்தாவது வாக்கியத்துக்குப் போகக் கூடாது. பட்ட துன்பத்தை விவரிக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகத்தில் இரக்கம் வரும், கூடவே பயமும் வரும். இரக்கத்தோடு கதவைச் சாத்துவார். உரிமையாளர்கள் தேடுவது தொல்லை தராத ஆளை. அந்த ஆள் நான்தான் என்று காகிதத்தில் காட்டினால் போதும். வேலை கொடுத்தவரின் கடிதம், காப்பகத்தின் கடிதம், சில மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பிரதியெடுத்து ஒரே உறையில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன்.

அப்படியும் சிலர் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். ஒருவர், "உங்களுக்கு மட்டும்" இரண்டு மடங்கு முன்பணம் என்றார். வீடு கொடுத்த பெரியவர் என் கடிதங்களைப் படித்தாரா என்பதே சந்தேகம். அவருக்கு ஒரே கவலைதான் இருந்தது.

"இரவில் வீட்டில் தையல் இயந்திரம் ஓட்டுவீர்களா அம்மா?"

"இல்லை ஐயா, வேலையெல்லாம் நிறுவனத்திலேயே முடிந்துவிடும்."

"அப்படியானால் சரி."

முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டைக் காட்டுபவர் உண்மையில் உரிமையாளர்தானா? மின் கட்டண ரசீதோ, சொத்துவரி ரசீதோ அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். வீடில்லாதவர்களின் அவசரத்தைக் குறிவைத்தே ஒரே வீட்டைப் பலருக்குக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைபவர்கள் இருக்கிறார்கள். சாவியும் ஒப்பந்தமும் கைக்கு வராமல் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டாம். வங்கி வழியாகக் கொடுத்தால் தடயம் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் தேதியும் தொகையும் எழுதி, எதற்கான பணம் என்றும் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று: கையில் இருப்பதையெல்லாம் முன்பணத்துக்குத் துடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. முதல் மாதத்தில் பூட்டு, விளக்கு, வாளி, சன்னல் திரை என்று சின்னச் சின்னதாகப் பணம் கரைந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில்தான் தவணை வியாபாரிகள் வருவார்கள். வெறும் வீட்டைப் பார்த்தால் உடனே நிரப்பிவிட வேண்டும் போலிருக்கும். வெறுமையாகவே இருக்கட்டும். கட்டில் இல்லை என்பதற்காக யாரும் யாரையும் காலி செய்யச் சொல்வதில்லை. வாடகை இல்லை என்றால்தான் சொல்வார்கள்.

குடிபுகும் அன்று பொருட்களை உள்ளே வைப்பதற்கு முன்பே வீட்டைப் படம் எடுத்துவிட வேண்டும். எனக்கு வைக்கப் பெரிதாகப் பொருள் ஏதும் இல்லை என்பது ஒரு வசதி. பெரியவரை உடன் அழைத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். சமையலறைச் சன்னலில் ஒரு கொக்கி இல்லை. குளியலறைக் கதவின் கீழ்ப்பகுதி ஊறி உப்பியிருந்தது. ஒவ்வொன்றையும் கிட்டத்தில் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம். கிட்டத்தில் எடுத்தது மட்டும் இருந்தால் அது எந்தச் சுவர் என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதையெல்லாம் எதற்கு அம்மா படம் எடுக்கிறீர்கள்?"

"நான் காலி செய்யும் அன்று நாம் இருவரும் சண்டை போடாமல் இருப்பதற்குத்தான் ஐயா."

சற்று யோசித்தார். பிறகு அவரே என் கையிலிருந்த டார்ச்சை வாங்கி, அலமாரிக்குப் பின்னால் நான் கவனிக்காத ஒரு கறையைக் காட்டினார். "இதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கறை." மின் மீட்டரின் எண்ணையும் தண்ணீர் மீட்டரின் எண்ணையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் அன்றே அவர் தொலைபேசிக்கு அனுப்பினேன். அனுப்பிய செய்தியில் தேதி தானாகப் பதிந்துவிடும். முன்பிருந்தவர் விட்டுச்சென்ற மின் கட்டணம் நம் தலையில் விழாமல் இருக்க அந்த ஒரு படம் போதும். பயன்பாட்டில் தேய்வது வேறு, நாம் உடைப்பது வேறு. முன்பணத்தில் கைவைக்கும் நாளில் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பேச முடியும்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்களைப் போன்றவர்களுக்கு இயல்பு. காப்பகத்தில் நீட்டிய இடத்திலெல்லாம் போட்டுப் பழகியவர்கள். வாடகை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், எவ்வளவு காலத்துக்கு ஒப்பந்தம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழுது யார் செலவு, விருந்தினர் தங்கலாமா, முன்பணம் எப்போது திரும்பும். இந்த ஆறுக்கும் விடை தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள். சட்டம் ஊருக்கு ஊர் மாறும். எழுத்தில் இருப்பது எந்த ஊரிலும் வாய்ப்பேச்சைவிடப் பலமானது. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-இல் தகுந்த வீடு என்றால் என்ன என்று விளக்கி ஏழு கூறுகளைப் பட்டியலிட்டது. அதில் முதலில் வருவது கூரையோ தண்ணீரோ இல்லை, குடியிருப்பின் சட்டப் பாதுகாப்பு. நாளைக்கே யாரும் வெளியே தள்ள முடியாது என்ற உறுதி இருந்தால்தான் மற்ற ஆறும் வீட்டுக்கு உதவும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி தூக்கம். கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு வரவில்லை. காப்பகத்தில் இருமலும் குறட்டையும் அழும் குழந்தையும் இருந்த இடத்தில், இங்கே ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் குழாய் ஒரு சொட்டு விட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். 2016-இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புதிய இடத்தில் தூங்கும் முதல் இரவில் மூளையின் இடப்பாதி முழுமையாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாமல் காவல் இருக்கிறது என்பதையும், வலக் காதில் விழும் புதிய ஒலிக்கு ஆள் சட்டென்று விழித்துக்கொள்வதையும் அதில் காட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக வீட்டில் வாழ்ந்தவர்களுக்கே முதல் இரவில் அப்படி என்றால், வருடக்கணக்கில் அரைத்தூக்கம் தூங்கியவர்களுக்குக் காலம் பிடிக்காதா? அதைப் படித்த பிறகு என்னைத் தூங்க வைக்க முயல்வதை விட்டேன். சுவரில் முதுகு படும்படி தரையில் படுத்தேன். கதவு கண்ணில் படும்படி பார்த்துக்கொண்டேன். குளியலறை விளக்கு எரியட்டும் என்று விட்டேன், வானொலியை மிக மெல்லிய ஒலியில் வைத்தேன். பையும் கட்டியபடியே தலைமாட்டில் இருந்தது. "இன்னும் கட்டியே வைத்திருக்கிறாயா?" என்று வருபவர்கள் கேட்பார்கள். இருந்தால் என்ன? அது யாரையும் கெடுக்கவில்லை. எல்லாப் பழைய பழக்கத்தோடும் போராட வேண்டியதில்லை. வீட்டைப் பறிக்கக்கூடிய பழக்கங்களோடு மட்டும் போராடினால் போதும்.

அப்படிப் போராட வேண்டிய முதல் பழக்கம் கடிதம் பிரிக்காமல் இருப்பது. இது சோம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2013-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் கொடுத்துப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் ஒரு முறை. அறுவடைக்குப் பின், காசு வந்த நாட்களில் ஒரு முறை. அதே மனிதர்கள் காசில்லாத நாட்களில் குறைவாக மதிப்பெண் வாங்கினார்கள். பணக் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எங்கள் தையல் வரிசையில் யாரைக் கேட்டாலும் ஆய்வில்லாமலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். இடமில்லாத தலைக்குள் ஒரு கடிதத்தின் மூன்று பத்திகள் நுழையாது. எனவே கடிதத்தைத் தனியாகப் பிரிப்பதை நிறுத்தினேன். வருவதை எல்லாம் ஓர் அட்டைப் பெட்டியில் போடுவேன். வாராவாரம் விடுமுறை நாளில், உடன் வேலை செய்யும் ஒரு தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து பிரிப்பேன். அவள் கெடு தேதியை மட்டும் தேடிப் பெரிய எழுத்தில் உறையின் மேல் எழுதிவிடுவாள். பெரும்பாலானவை விளம்பரமும் ரசீதும்தான் என்று தெரிந்த பிறகு அச்சம் தளர்ந்தது. உங்களுக்கு அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் நூலகமோ தொழிற்சங்கமோ இலவசச் சட்ட உதவி மையமோ இருக்கிறதா என்று பாருங்கள். படித்துச் சொல்வதற்கு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது பணம். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த எண்ணைப் பரப்பியதில் அமெரிக்கப் பொது வீட்டுவசதித் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அரசு வீட்டில் இருப்பவர்களிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969-இல் வரம்பு வைத்தார்கள். 1981-இல் அது 30 ஆனது. தனியார் வீட்டுச் சந்தை அந்தக் கணக்கைக் கேட்டு நடப்பதில்லை. குறைந்த சம்பளக்காரருக்குச் சதவீதத்தால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். வாடகையும் மின்சாரமும் போக்குவரத்தும் போன பிறகு கையில் நிற்கும் ரொக்கம் எவ்வளவு, அதில் ஒரு மாதம் வயிறு நிறையுமா என்று பாருங்கள். நிறையாது என்றால் அந்த வீடு நல்ல வீடாக இருந்தாலும் நமக்கான வீடு இல்லை.

எனக்கு வாரச் சம்பளம். வாரக்கூலி வாங்குபவர்களுக்கு என் சிறந்த அறிவுரை இதுதான்: சம்பளம் வந்த அன்றே, வேறு எதையும் தொடுவதற்கு முன், மாத வாடகையில் கால் பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு அட்டை வேண்டாம். ஒவ்வொரு வாரமும் கால் பங்கு என்றால் ஆண்டின் 52 வாரத்தில் 13 மாத வாடகை சேரும். கொடுக்க வேண்டியது 12. மீதமுள்ள ஒரு மாத வாடகை யாருக்கும் தெரியாமல் தானாகச் சேர்ந்துவிடும். முதல் ஆண்டில் அதை இல்லாத பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடகைத் தேதியைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாள் தள்ளி வைக்கச் சொல்லி ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுவதும் நல்லது. பெரும்பாலான உரிமையாளர்களுக்குத் தேதி எது என்பது பொருட்டல்ல. சொன்ன தேதியில் வருகிறதா என்பதுதான் பொருட்டு.

அந்த மிச்சம் சேர்வதற்குள்ளேயே எங்கள் நிறுவனத்தில் வேலை வரத்து குறைந்து சில வாரம் பாதிச் சம்பளம்தான் தந்தார்கள். வெளியில் கற்ற பழக்கம் என்ன சொல்லும்? ஒளிந்துகொள், அழைப்பை எடுக்காதே, படியில் அவர் காலடி கேட்டால் விளக்கை அணை. காப்பகத்தில் என்னோடு இருந்த இருவர் அப்படித்தான் வீட்டை இழந்து திரும்பி வந்தார்கள். வாடகை பாக்கியைவிட அந்த மௌனம்தான் உரிமையாளரை உலுக்கிவிடும். நான் கெடு தேதிக்கு முன்பே கீழே போய்ச் சொன்னேன். முழுவதும் முடியாது என்று மட்டும் சொல்லவில்லை. பாதி சொன்ன தேதியில், மீதி இன்ன தேதியில் இவ்வளவு, அதற்கடுத்த வாரம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் நீண்ட நேரம் தாளைப் பார்த்தார். "முன்பு இருந்தவர் சொல்லாமல் பூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்றார். அவ்வளவுதான். சொன்ன தேதிகளில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்கினேன். எல்லா உரிமையாளரும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். எரிந்து விழுபவரிடம்கூட முன்கூட்டிச் சொன்ன செய்தி எழுத்தில் இருந்தால், பிறகு யாரிடம் முறையிடப் போனாலும் அது கைகொடுக்கும்.

குறை சொல்லாமல் இருக்கும் பழக்கத்துக்கு வருகிறேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே நீர் கசிந்தது. ஒரு துணியைச் சுற்றி, கிண்ணம் வைத்து, காலையும் மாலையும் கொட்டிச் சமாளித்துவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. நீர் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்காது. நனைந்த மரத்திலும் சுவரிலும் ஓரிரு நாளில் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். படம் எடுத்து, "இன்று முதல் கசிகிறது, கிண்ணம் வைத்திருக்கிறேன், எப்போது பார்க்க முடியும்?" என்று எழுதி அனுப்பினேன். முறைப்பாடு போலவும் கெஞ்சல் போலவும் இல்லாத ஒரு நடை அது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் குழாய்க்காரரை அனுப்பினார், தாமதமாகத்தான். கரும்புள்ளிகள் சுவரில் வந்தால் குடியிருப்பவர் துணி உலர்த்துவதால்தான் என்று பழி வரும். அதில் பாதி உண்மையும் இருக்கலாம். மூடிய அறைக்குள் ஈரத்துணி உலர்த்தினால் அதிலுள்ள நீர் முழுவதும் காற்றில்தான் கலக்கும். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சைக்கு வாய்ப்பு குறைவு. சமைக்கும்போதும் குளித்த பிறகும் சன்னலைத் திறந்து வையுங்கள். அதைச் செய்த பிறகும் வந்தால் கசிவு உள்ளே இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். சன்னலைத் திறந்து வைக்கவே எனக்குப் பல வாரம் ஆனது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் கடினமானது விருந்தினர் விவகாரம். இதைப் பற்றி உதவி செய்யும் நிறுவனங்களின் கையேடுகளில் ஒரு வரி இருக்கும்: "அனுமதியின்றிப் பிறரைத் தங்க வைக்காதீர்கள்." அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேரின் முகம் இருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியாது. வெளியில் இருந்தபோது நான் உயிரோடு இருந்ததே பகிர்ந்துகொண்டதால்தான். ஒரு போர்வையில் இருவர், காவலுக்கு ஒருவர் முறை. அப்படி எனக்காக விழித்திருந்தவள் ஒருத்தி, மழை பெய்த ஓர் இரவில் என் வாசலில் வந்து நின்றாள். காப்பகத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கதவைச் சாத்த யாரால் முடியும்?

உள்ளே வந்தாள், சாப்பிட்டாள், படுத்தாள். படுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: "அக்கா, இன்று இரவு. காலையில் உன்னோடு நானும் வருகிறேன்." அவள் பதில் சொல்லவில்லை. காலையில் பெரியவரிடம் நானே போய், தெரிந்தவர் ஒருவர் மழைக்காக ஓர் இரவு தங்கினார் என்று சொன்னேன். அவர் பிறர் வாயிலாகக் கேள்விப்படக் கூடாது. வேலைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு காப்பகத்துக்குப் போய், இடம் கிடைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு சில காலம் அவள் என்னோடு பேசவில்லை. நான் மாறிவிட்டேன் என்று மற்றவர்களிடம் சொன்னாளாம். மாறத்தான் செய்தேன்.

இதில் கையாள எளிதான வழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. உதவியது என்று சொல்லக்கூடியவை சில உண்டு. "மனமில்லை" என்பதற்குப் பதில் "ஒப்பந்தத்தில் இடமில்லை" என்று சொல்வது, அது உண்மையும்கூட. பழைய நண்பர்களைப் பூங்காவிலோ தேநீர்க் கடையிலோ சந்திப்பது. வீட்டு முகவரியைத் தொலைபேசியில் பரப்பாமல் இருப்பது. இரக்கத்தால் ஒருவரை அனுமதிப்பதையும், அச்சத்தால் அனுமதிப்பதையும் வேறு வேறாகப் பார்ப்பது. தனியாக இருப்பவர், நோயாளி, முதியவர் ஆகியோரின் வீட்டுக்குள் நட்பாக நுழைந்து, பின் சாவியையே கைப்பற்றிக்கொண்டு அங்கிருந்து போதைப்பொருள் விற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டின் பெயர் கெட்டு, வெளியேற்றப்படுவது குடியிருப்பவர்தான். "போங்கள்" என்று சொல்ல முடியாத ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்றால் அது உங்கள் தனிப்பட்ட பிரச்சினை என்று மூடி வைக்காதீர்கள். காப்பகப் பணியாளரிடமோ காவல்துறையிடமோ அன்றே சொல்லுங்கள்.

தனிமைக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் மோசம். அந்த நேரத்துக்கு வெளியே ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பகக் கோப்பை உடனே மூட வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். விதிப்படி முடியாது என்றார்கள், அந்தச் சமூகப் பணியாளர் அக்கா தன் சொந்தப் பொறுப்பில் மாதாமாதம் அழைத்தார். அவருடைய பத்து நிமிட அழைப்பில்தான் வாடகைப் பாக்கிக்குத் தாள் எழுதிக் கொடுக்கும் யோசனை வந்தது. இது அவருடைய நல்ல மனம் என்று விட்டுவிட முடியாது. முறையாகவே இருக்க வேண்டியது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய முயற்சியில், குடியை விடு, மருந்து எடு என்று நிபந்தனை போடாமல் முதலில் வீடு, அதன் பிறகு விடாத துணை என்று வைத்தார்கள். பின்லாந்து 2008 முதல் இதையே நாட்டின் கொள்கையாக்கியது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயும் வீடின்மையும் சேர்ந்து வாட்டிய சுமார் 2,000 பேரிடம் பெரிய ஆய்வொன்று நடந்தது. அவர்களில் ஒரு தரப்பினருக்குப் பெரும்பாலும் தனியார் வாடகை வீடுகளையே எடுத்துக் கொடுத்து, வாடகை உதவியும் தொடர்ந்து வந்து பார்க்கும் பணியாளரும் தந்தார்கள். ஆய்வின் கடைசி ஆறு மாதம் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள் இந்தத் தரப்பில் 62 சதவீதம். வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தவர்களில் 31 சதவீதம். இரு தரப்பும் ஒரே வகை மனிதர்கள். துணை எவ்வளவு காலம் நின்றது என்பதும் அந்த வித்தியாசத்தில் அடங்கும். சாவி கொடுத்து, படம் எடுத்து, கோப்பை மூடும் நிறுவனங்கள் இந்த எண்களைச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்கியபோது பழைய நடுக்கம் திரும்பியது. இம்முறை அவர் அழைப்பதற்குக் காத்திருக்காமல் நானே முன்கூட்டிப் போய்க் கேட்டேன். இருக்கலாம், வாடகை கொஞ்சம் கூடும் என்றார். எவ்வளவு, எப்போது முதல் என்று எழுத்தில் கேட்டேன். கொடுத்த ரசீதுகளின் கட்டையும் பாக்கியைத் தீர்த்த தாளையும் முன்னால் வைத்து, கேட்டதில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். குறைத்தார், நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான். குளியலறையின் உப்பிய கதவை மாற்றித் தர வேண்டும் என்பதைப் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டேன். "அது அப்படியே கிடக்கட்டுமே அம்மா, ஓடத்தானே செய்கிறது?" என்றார். முதல் நாள் எடுத்த படத்தைக் காட்டி, இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியைத் தன் கையாலேயே எழுதி, கீழே தேதியும் போட்டார். கதவு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் நினைவூட்டி ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.